கிளாசெட்டுக்குப் பின்னால் ஒழுகுகிறதா? மறுபடியும் வெள்ளை சிமெண்ட் அப்பாதீர்கள்

வெஸ்டர்ன் கிளாசெட்டுக்குப் பின்னால், தரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரு ஈரத் திட்டு. துடைத்தால் போகிறது, இரண்டு ஃப்ளஷ் கழித்து மறுபடி வருகிறது. கூடவே லேசான நாற்றம். நம் ஊரில் இதற்குப் பார்க்கப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: கொஞ்சம் வெள்ளை சிமெண்டைக் குழைத்து, கிளாசெட்டும் கழிவுப் பைப்பும் சேரும் ஜாயிண்டைச் சுற்றி விரலால் அப்பிவிடுவது. சில மாதம் அடங்கியிருக்கும். பிறகு அதே இடத்தில் மயிரிழை விரிசல், அதே ஈரம். மாடி வீடாக இருந்தால் கீழ் வீட்டுக் கூரையில் மஞ்சள் கறை படர்ந்து, பெயிண்ட் உரிந்து, சண்டை வந்த பிறகுதான் கிளாசெட்டைக் கழற்றிப் பார்க்கிறார்கள்.

முதலிலேயே கழற்றியிருக்கலாம். அரை நாள் வேலை. கிளாசெட்டையும் பைப்பையும் இணைக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் கனெக்டர் ஒன்று போதும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன், அந்த ஜாயிண்ட் ஏன் ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். காரணம் தெரியாமல் மாட்டினால் ரப்பரும் ஒழுகும்.

தரையில் உட்காரும் கிளாசெட்டில், கழிவு பின்பக்கச் சுவரை நோக்கிப் போகும் பி டிராப் வகையை எடுத்துக்கொள்வோம். கிளாசெட்டின் உள்ளேயே வளைவு இருக்கிறது, அதுதான் டிராப். அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. இந்தத் தண்ணீர்ப் பூட்டின் ஆழம் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும். வளைவைத் தாண்டியதும் பீங்கான் கழுத்து ஒன்று பின்பக்கமாக வெளியே வரும். தரையிலிருந்து அதன் மையம் ஏறக்குறைய 180 மி.மீ. உயரத்தில் இருக்கும். சுவரிலிருந்து வரும் நாலு இன்ச் பைப்புடன், அதாவது 110 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. பைப்புடன், அந்தக் கழுத்தைச் சேர்க்கிறோம். நம் பிரச்சினை இருப்பது இங்கேதான்.

இந்த ஜாயிண்டில் தண்ணீர் நிற்பதில்லை. ஃப்ளஷ் செய்யும் சில விநாடிகள் மட்டும், மூன்று முதல் ஆறு லிட்டர், பழைய டேங்காக இருந்தால் பத்து லிட்டர் வரை, பைப்பின் அடிப்பாதியை நனைத்துக்கொண்டு ஓடிவிடும். அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் இந்த ஜாயிண்டுக்குக் கல் போன்ற பலம் தேவையில்லை. இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும், அசைந்தால் கூடவே அசைந்துகொடுக்க வேண்டும். வெள்ளை சிமெண்டுக்கு முதல் குணம் கொஞ்ச நாள் இருக்கும், இரண்டாவது குணம் என்றைக்கும் கிடையாது.

ஒருவர் உட்காரும்போதும் எழும்போதும் கிளாசெட் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைகிறது. சுவர் பைப் அசைவதில்லை. நடுவில் இருக்கும் சிமெண்ட் இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொண்டு விரிசல் விடுகிறது. அது காயும்போதே சுருங்கும். வழவழப்பான பி.வி.சி.யிலும் கண்ணாடிப் பூச்சுள்ள பீங்கானிலும் சரியாகப் பிடிக்காது. போதாததற்கு டாய்லெட் ஆசிட்: கழுவும் திரவங்களில் பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. விரிசல் வழியே உள்ளே போகும் அமிலம் சிமெண்டை அரித்துக் கரைக்கும். ஆசிட் அதிகம் ஊற்றும் வீடுகளில் பழைய ஜாயிண்டைச் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

இன்னொரு காரணத்தைக் கழற்றும்வரை யாரும் பார்ப்பதில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சுவர் பைப்பை வெட்டிவிடுகிறார்கள். அதன்மேல் பூச்சும் டைல்ஸும் ஏறியதும் பைப்பின் வாய் 30, 40 மி.மீ. உள்ளே போய்விடுகிறது. கிளாசெட்டின் கழுத்து அதற்குள் ஒரு விரல் அகலம்கூட நுழைவதில்லை. சில வீடுகளில் நுழையவே இல்லை. வாயோடு வாய் வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசியிருப்பார்கள். அந்த வீட்டில் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருப்பது சிமெண்ட் மட்டும்தான்.

கழற்றுவதற்கு முன் ஒழுகல் அந்த ஜாயிண்டில்தான் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கிளாசெட்டின் பின்னால் வரும் ஈரத்துக்கு வேறு பல இடங்களும் காரணமாகலாம். ஹெல்த் ஃபாசெட்டின் குழாயிலிருந்து சொட்டும் நீர் சுவர் வழியாக இறங்கி அதே மூலையில்தான் தேங்கும். டேங்குக்கு வரும் தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் காக்கின் நட்டு, டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் டியூப், டேங்குக்கும் கிளாசெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வாஷர் எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான்.

முதலில் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, பின்பக்கத் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒரு மணி நேரம் யாரும் பயன்படுத்த வேண்டாம். தாள் நனைந்தால் குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர் வரும் பக்கம்: காக், டியூப், ஃபாசெட். நனையவில்லை என்றால் டேங்கைத் தொடாமல் ஒரு வாளித் தண்ணீரை நேராகக் கிளாசெட்டில் வேகமாக ஊற்றுங்கள். இப்போது நனைந்தால் வேஸ்ட் ஜாயிண்ட்தான், அல்லது பீங்கானில் விரிசல். வாளியில் ஊற்றும்போது நனையாமல், ஃப்ளஷ் பொத்தானை அழுத்தும்போது மட்டும் நனைந்தால் டேங்குக்கும் கிளாசெட்டுக்கும் இடையிலுள்ள வாஷர்.

பீங்கானில் விரிசலா, ஜாயிண்டா என்று பிரிக்கச் சமையலறையிலிருக்கும் கேசரி பவுடர் போதும். கிளாசெட்டில் தேங்கியிருக்கும் தண்ணீரில் அரை ஸ்பூன் போட்டுக் கலக்கி, ஃப்ளஷ் செய்யாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். தேங்கிய நீர் ஜாயிண்டைத் தொடுவதில்லை. அப்படியும் தாளில் நிறம் வந்தால் விரிசல் டிராப்பின் உடம்பில் இருக்கிறது. அதற்கு ஒட்டுவேலை கிடையாது, கிளாசெட்டையே மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெளியே கழிவுப் பைப் போய்ச் சேரும் சேம்பரின் மூடியைத் திறந்து, ஒருவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் தயங்காமல் வந்து விழ வேண்டும். பைப் பாதி அடைத்திருந்தால் தண்ணீர் பின்வாங்கி, ஜாயிண்டின் மேல்பாதி வரை நிரம்பி ஒழுகும். அடைப்பை எடுக்காமல் ஜாயிண்டை மட்டும் மாற்றினால் அந்தத் தண்ணீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும்.

தண்ணீரே வராமல் நாற்றம் மட்டும் வருவதும் உண்டு. ஜாயிண்டின் மேல்பாதியில் விரிசல் இருந்தால் ஓடும் நீர் அங்கே எட்டாது, காற்று மட்டும் வெளியேறும். அதையும் ஒழுகலாகவே நினைத்துச் சரிசெய்யுங்கள். அந்தக் காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது.

சரி, கழற்றலாம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாளே பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவினால் நல்லது. ஆனால் அன்றைக்கு ஆசிட் திரவம் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலிசெய்யுங்கள். டேங்கின் அடியில் நிற்கும் மிச்சத்தை ஸ்பாஞ்சால் உறிஞ்சுங்கள். டிராப்பில் தேங்கியதைச் சின்ன டப்பாவால் மொண்டுவிட்டுக் கடைசியில் அதையும் ஸ்பாஞ்சால் எடுங்கள். அப்படி எடுக்காவிட்டால் தூக்கிச் சாய்க்கும்போது தரையெல்லாம் கொட்டும். கனெக்‌ஷன் டியூபைக் கழற்றுங்கள். டேங்கும் கிளாசெட்டும் தனித்தனித் துண்டாக இருந்தால் டேங்கை முதலில் இறக்கி வைப்பது நல்லது. ஒரே துண்டாக வரும் கிளாசெட் 40 கிலோ வரை இருக்கும். அதைத் தனியாகத் தூக்காதீர்கள், இரண்டு பேர் வேண்டும்.

கிளாசெட்டைத் தரையோடு பிடித்திருக்கும் ராக் போல்ட்களைக் கழற்றி, தரையைச் சுற்றியுள்ள சிலிக்கானையோ சிமெண்டையோ ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். பின்னால் ஜாயிண்டில் இருக்கும் வெள்ளை சிமெண்டைச் சின்ன உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுக்க வேண்டும். உளியின் முனை சிமெண்டைப் பார்த்தே இருக்கட்டும். பீங்கான் கழுத்தில் ஒரு சில்லு போனாலும் ரப்பர் பிடிக்க வேண்டிய இடம் கெட்டுவிடும். சிமெண்ட் விட்டதும் கிளாசெட்டை மெதுவாக இடவலமாக ஆட்டி நேராக முன்னால் இழுங்கள்.

சுவர் பைப்பின் வாயில் உடனே பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள். துணியில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனை வெளியே தொங்கட்டும். சிமெண்ட் துண்டு உள்ளே விழுந்தால் அடுத்த வளைவில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் அடைப்பு கொடுக்கும். துணியே உள்ளே போய்விட்டால் இன்னும் மோசம், அதற்குத்தான் கயிறு.

இனி அளவுகள். கடைக்குப் போவதற்கு முன் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பீங்கான் கழுத்தின் வெளிவிட்டம், சுவர் பைப்பின் உள்விட்டம், கிளாசெட்டை அதன் இடத்தில் வைத்தால் கழுத்தின் முனைக்கும் பைப் வாய்க்கும் உள்ள தூரம், இரண்டின் மையமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. எல்லா நாலு இன்ச் பைப்பும் உள்ளே ஒரே அளவு இல்லை. ஐ.எஸ். 13592 தரத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில், அதாவது கழிவுக்கும் மழைநீருக்கும் போடும் பி.வி.சி. பைப்பில், இரண்டு வகை உண்டு. டைப் ஏ காற்றுப் பைப்புக்கும் மழைநீருக்கும் உரியது, 110 மி.மீ. அளவில் அதன் சுவர்த் தடிமன் குறைந்தது 2.2 மி.மீ. டைப் பி கழிவுக்கு உரியது, குறைந்தது 3.2 மி.மீ. ஆக, உள்விட்டம் டைப் பி.யில் சுமார் 103 மி.மீ., டைப் ஏ.யில் சுமார் 105 மி.மீ. கழிவுப் பைப்புக்கு டைப் ஏ போட்டிருப்பது தப்பு என்றாலும், விலை குறைவு என்பதற்காகப் போட்ட வீடுகள் நிறைய.

கனெக்டரில் நேரானது, மையம் விலகியது, வளைந்தது என்று வகைகள் கிடைக்கும். மையங்கள் நேராக இருந்தால் நேரானதே போதும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகியிருந்தால் மையம் விலகியதை வாங்குங்கள். நேரான கனெக்டரை வளைத்து மாட்டினால், பைப்பை ஒட்டி மூடும் ரப்பர் இதழ் ஒரு பக்கம் எப்போதும் இழுபட்டே இருக்கும், முதலில் ஒழுகுவதும் அந்தப் பக்கம்தான். அக்கார்டியன் மாதிரி நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாயும் விற்கிறார்கள். எந்த அளவுக்கும் பொருந்துகிறதே என்று பலர் அதையே வாங்குகிறார்கள். அதன் மடிப்புகளில் கழிவு தங்கும், நாளாக ஆக நடுவில் தொய்ந்து பள்ளமாகும். வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அது.

சுவர் பைப் டைல்ஸுக்கு உள்ளே ஒளிந்திருந்தால், கனெக்டர் போதிய ஆழம் உள்ளே போகிறதா என்று பாருங்கள். ரப்பர் இதழ்கள் முழுக்கப் பைப்புக்குள் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பைப்பைச் சுற்றி 50, 60 மி.மீ. ஆழத்துக்குச் சுவரை உடைத்து, இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளர் ஒன்றையும் சின்னப் பைப் துண்டையும் சால்வென்ட் சிமெண்டால் (பி.வி.சி. பசை) ஒட்டி வாயை வெளியே கொண்டுவாருங்கள். ஒட்டும் இரண்டு முகமும் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் பசை தடவி, கால் சுற்றுத் திருப்பி அழுத்தி, அரை நிமிஷம் கையை எடுக்காமல் பிடியுங்கள். ஈரத்தில் ஒட்டிய பி.வி.சி. அன்றைக்குப் பிடித்த மாதிரி இருந்து பிறகு விடும். ஒட்டிய பிறகு ஒரு இரவு விட்டுவிடுவது நல்லது.

கழுத்தையும் பைப்பின் உட்புறத்தையும் பழைய சிமெண்ட் துகள் ஒன்றுகூட இல்லாமல் சுத்தம்செய்து துடையுங்கள். பைப்பின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அரத்தால் லேசாகச் சாய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அது ரப்பரைக் கீறும். ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் பல ரப்பர்கள் உப்பிக் கெட்டுப்போகும். துணியை வெளியே இழுத்துவிட்டு, கனெக்டரை முதலில் சுவர் பைப்புக்குள் தள்ளுங்கள். கிளாசெட்டில் மாட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளுவோரும் உண்டு. சுவரில் முதலில் மாட்டினால் கையை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்க்க முடியும். ரப்பர் இதழ் ஓர் இடத்தில் மடங்கி உள்பக்கம் திரும்பியிருந்தாலும் அதுவே ஒழுகல். புது கனெக்டர் போட்டும் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிறகு கிளாசெட்டை நேர்கோட்டில் பின்னால் தள்ளி, கழுத்து கனெக்டருக்குள் முழுதாக உட்காரும்படி வையுங்கள். கோணலாகத் தள்ளாதீர்கள்.

இப்போது உட்கார்ந்து பாருங்கள். கிளாசெட் ஆடுகிறதா? இந்த இடத்தில் பொறுமை வேண்டும், ஏனென்றால் மொத்த ஒழுகலுக்கும் வேர் இந்த ஆட்டம்தான். குளியலறைத் தரையில் தண்ணீர் வடிய சரிவு இருக்கும், அதனால் நான்கு மூலையும் தரையில் படாது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தூக்கி நிற்கும் மூலையில் மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பு செருகுங்கள். மரத்துண்டு வேண்டாம், ஊறிப்போகும். போல்டை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள். ஆட்டத்தை ஆப்பு நிறுத்தட்டும், போல்டு பிடித்துக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் வாஷர் போட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை ஒரேயடியாக முறுக்கினால் பீங்கான் வெடிக்கும்.

கனெக்டர் நுழைந்ததால் கிளாசெட் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் வந்து, பழைய துளைகள் பொருந்தாமல் போகலாம். புதுத் துளை போடும்போது டைல்ஸ்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்து மெதுவாக டைல்ஸைத் தாண்டுங்கள், அதற்குப் பிறகு சுத்தியல் இயக்கம். ராவல் பிளக்கைச் செருகும் முன் துளைக்குள் கொஞ்சம் சிலிக்கானைப் பிதுக்கி விடுங்கள். பழைய துளைகளையும் எபாக்ஸியால் அடையுங்கள். பல வீடுகளில் குளியலறைக்கு அடியில் சங்கன் ஸ்லாப் இருக்கிறது, செங்கல் ஜல்லி நிரப்பிய தொட்டி மாதிரி. துளை வழியே இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கி, கீழ் வீட்டுக் கூரையில் ஓதமாக எட்டிப்பார்க்கும். வேஸ்ட் ஜாயிண்டைச் சரிசெய்த பிறகும் கூரை ஓதம் உடனே காயாது. தேங்கியது வடிந்து காயப் பல வாரங்கள் ஆகும், அதற்குள் பயந்து தரையை உடைக்க வேண்டியதில்லை.

தரையைச் சுற்றி சிலிக்கான் போடுவதைப் பரிசோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். போடும்போது முன்பக்கமும் இரு பக்கமும் மட்டும் போடுங்கள். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். நாலு பக்கமும் மூடிவிட்டால் நாளைக்கு ஒழுகினாலும் தெரியாது, தண்ணீர் அடியிலேயே தேங்கித் தரைக்குள் இறங்கும். வடிய ஒரு வழி இருந்தால் முதல் சொட்டிலேயே கண்ணில் படும்.

எஸ் டிராப் என்றால் கழுத்து தரையைப் பார்த்து இறங்குகிறது. ஜாயிண்ட் கிளாசெட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் ஒழுகல் கீழ் வீட்டில்தான் முதலில் தெரியும். கழற்றும் முறை அதேதான், ஆனால் நேராக மேலே தூக்க வேண்டும். புது ரப்பரைத் தரைப் பைப்பில் உட்காரவைத்து, கிளாசெட்டை மேலிருந்து நேராக இறக்க வேண்டும். ஒரு முறை இறக்கிவிட்டு நகர்த்தினால் ரப்பர் மடங்கும். நகர்த்த வேண்டியிருந்தால் மறுபடி தூக்கி, பார்த்து, மறுபடி இறக்குங்கள்.

இந்தியன் கிளாசெட்டில் விஷயம் வேறு. அங்கே பேனும் டிராப்பும் தனித்தனி, ஜாயிண்ட் தரைக்குள் புதைந்திருக்கிறது. அது ஒழுகினால் தரையை உடைத்துப் பேனைத் தூக்கியே ஆக வேண்டும். நல்ல கொத்தனாரையும் பிளம்பரையும் ஒரே நாளில் வரச்சொல்லுங்கள். வாட்டர்புரூஃபிங்கையும் அன்றைக்கே சேர்த்துச் செய்துவிடலாம்.

சுவருக்கு வெளியே, பைப்புகள் இறங்கும் டக்டில் ஒழுகினால் பெரும்பாலும் பைப்புகள் சேரும் ரப்பர் ரிங் ஜாயிண்ட்தான் காரணம். மாட்டும்போது ரிங் மடங்கியிருக்கும், அல்லது கிளாம்ப் போதாமல் பைப் இறங்கி ஜாயிண்டிலிருந்து விலகியிருக்கும். நிற்கும் பைப்புக்கு இரண்டு மீட்டருக்கு ஒரு கிளாம்ப், படுத்த பைப்புக்கு ஒரு மீட்டருக்கு ஒன்று என்று வையுங்கள். படுத்த பைப்புக்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு. ரிங் ஜாயிண்டில் பைப்பை முட்டும்வரை தள்ளி, கோடு போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து விட வேண்டும். நம் வெயிலில் மூன்று மீட்டர் பைப் ஐந்தாறு மி.மீ. நீளும். நீள இடமில்லாவிட்டால் அது எங்காவது ஒரு வளைவைத் தள்ளி விலக்கிவிடும். வெளியிலிருந்து எம்-சீல் உருட்டி ஒட்டுவது அவசரத்துக்கு மட்டும், அதுவும் பைப்பை நன்றாகத் துடைத்து, அரத்தாளால் தேய்த்த பிறகு. நிலையான வழி, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, நடுவில் தடுப்பில்லாத ரப்பர் ரிங் கப்ளரை ஒரு பக்கம் முழுக்க ஏற்றி, புதுத் துண்டை வைத்து, திரும்ப இழுத்து நடுவில் நிறுத்துவது.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் செய்தித்தாளை மறுபடி பின்னால் விரியுங்கள். முதலில் வாளித் தண்ணீர், பிறகு ஐந்து முறை முழு ஃப்ளஷ். ஒருவர் உட்கார்ந்து எழுந்துவிட்டு மறுபடி ஐந்து முறை. கனெக்டரின் அடிப்பக்கத்தைக் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள், சொட்டு முதலில் சேர்வது அங்கேதான். தாளை இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்து, அதன் பிறகு சிலிக்கானைக் கையில் எடுங்கள்.